இருபத்து நான்கு வளையங்கள்

"கடிகாரத்தைப் பாத்துக்கோங்க சார். பத்து விநாடி. ம்... ஆரம்பிங்க!"

உறைக் கம்பெனி மேலாளர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஸ்கூட்டர் மீது பாய்ந்தார். ஸ்கூட்டர் எங்கே தெரிந்தது? தரை வரை இழுத்துப் போர்த்திய சாம்பல் நிற உறைதான் தெரிந்தது. அதன் விளிம்பைச் சுற்றி இருபத்து நான்கு கம்பி வளையங்கள். ஒன்றுக்குள் அடுத்தது, அதற்குள் இன்னொன்று என்று ரயில் பெட்டிகள் மாதிரி கோத்துக்கொண்டு ஓடின.

பத்து விநாடி போயிற்று. மூன்று நிமிடமும் போயிற்று. மேலாளர் விரலைச் சப்பிக்கொண்டே நிமிர்ந்தார்.

"கடிச்சிடுச்சு சார்!"

"அது கடிக்காதே. எட்டாவது வளையத்தோட வாயில போய் நீங்க விரலை விட்டா?" என்றார் கம்பியார்.

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாள் காலை கம்பியும் குறடுமாக உட்கார்ந்தவர், இன்னும் எழுந்திருக்கவில்லை. தெருவே அவருடைய சொந்தப் பெயரை மறந்துவிட்டது, தபால்காரர் உட்பட. வீட்டில் அவர் வளையம் மாட்டாத பெட்டியே கிடையாது. மிளகு டப்பாவுக்கு ஏழு வளையம். தலைவலி மாத்திரைப் பெட்டியைத் திறப்பதற்குள் தலைவலி அலுத்துப்போய்ப் பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விடும்.

முழங்கால் மக்கர் செய்து வண்டி ஓட்டுவதை நிறுத்தியதும், இந்த உறையில் இறங்கினார்.

"வண்டிய வெளிய எடுத்தே ரெண்டு வருஷமாச்சு. ஒரு தூசி உள்ள போனதில்ல சார். போன புயல்ல கொட்டகைக் கூரையே பறந்துச்சு, உறை அசையல!"

"அதுல சந்தேகமே இல்ல. ஆனா எங்க முதலாளிக்கு ஒரே ஒரு விதி. கண்டுபிடிச்சவரைத் தவிர வேற ஒருத்தர் பத்து விநாடிக்குள்ள திறந்து காட்டணும்." மேலாளர் பையைத் தோளில் மாட்டினார். "வரேன் சார்."

கம்பியாரின் முகம் வாடிப்போயிற்று. பதினோரு கம்பெனிகள் ஏற்கெனவே கை விரித்துவிட்டன. "இதுவும் இல்லன்னா குறடைத் தூக்கிக் குப்பையில போட்டுடறேன்" என்று காலையில்தான் மனைவியிடம் சொல்லியிருந்தார்.

அந்த மனைவி கீரைப் பையும் கையுமாகப் பக்கத்தில் நின்றிருந்தாள். அப்போதுதான் சந்தையிலிருந்து வந்திருந்தாள். தினமும் கம்பியார் மத்தியானத் தூக்கம் போடும் நேரம்தான் அவளுக்குச் சந்தை நேரம். போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். ஆனாலும் கீரை வாடுவதற்குள் வந்துவிடுவாள். இவளைக் கண்டால் பஸ்ஸே ஓடி வந்து நிற்கும் என்பார் கம்பியார்.

"அம்மா வேணா ஒரு கை பாக்கட்டுமே?" என்றார் மேலாளர், மரியாதைக்கு.

கம்பியார் கடகடவென்று சிரித்தார். "இவளா? இதைத் தொட்டதுகூட இல்ல சார். வண்டின்னாலே பயம். நான் ஓட்டினப்பவே பின்னாடி உக்காந்து கண்ணை மூடிக்குவா!"

"ஐயோ, எனக்கெதுக்குங்க இந்த வம்பு?" என்று அவள் உள்ளே போகத் திரும்பினாள். திரும்பியவள் கணவரின் முகத்தைப் பார்த்தாள். சிரித்த வாய் சிரித்தபடி இருக்க, கண் மட்டும் குறட்டின் மேல் இருந்தது.

பையைக் கீழே வைத்தாள். தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவினாள். பின் சக்கரத்தருகே மடிப்புக்குள் ஒளிந்திருந்த கடைசிக் கொக்கியை நெம்பி ஓர் இழுப்பு. சரசரவென்று இருபத்து நான்கும் ஒன்றையொன்று கைவிட்டுக்கொண்டே ஓடின. உறை பொத்தென்று விழுந்தது.

"ஆறு விநாடி!" மேலாளர் குதித்தே விட்டார். "நாளைக்கே ஒப்பந்தத்தோட வரேன் சார்!"

"பாத்தீங்களா? இதைத் தொடாதவளுக்கே ஆறு விநாடி!" கம்பியார் குறடை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

வளையங்களைக் கிட்டத்தில் பார்க்கக் குனிந்த மேலாளர், 'ஸ்ஸ்' என்று கையை உதறினார்.

"ரெண்டு வருஷமா எடுக்காத வண்டின்னீங்களே சார், சைலன்சர் இந்தச் சூடு சுடுது?"

கம்பியார் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார்.

அவள் கொண்டை ஊசியைச் செருகிக்கொண்டு கீரைப் பையை எடுத்தாள்.

"உங்க உறை தங்கமானதுங்க. ரெண்டு வருஷத்துல ஒரு நாள்கூட என்னைக் காட்டிக் குடுக்கல!"