வெறுங்குழிக்கு ஒரு வாளி

வாடகை வீட்டைக் காலி செய்யும் நாள். பத்து வருடத்தில் ஓர் ஆணி அடிக்கக்கூட வீட்டுக்காரர் விட்டதில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்து ஏறியது அவள் வைத்த கிளமாட்டிஸ் கொடி மட்டும்தான். அதை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, வேரை மண்ணோடு பெயர்த்துச் சாக்கில் கட்டுகிறார் கணவர். இருவருக்கும் இடுப்பு விட்டுப்போயிருக்கிறது. வெட்டுப்பட்ட சேதி எட்டாமல், கம்பியில் ஊதாப் பூக்கள் விரிந்தபடியே இருக்கின்றன.

"ஏங்க, புது இடத்துல பிடிச்சுக்குமா?"

"முத்தின வேரு. பார்ப்போம்."

பூக்களைப் பார்த்துக்கொண்டே அவள் வாளியைத் தூக்கி, தினமும் ஊற்றுகிற இடத்தில் ஊற்றுகிறாள். வெறுங்குழி சத்தமில்லாமல் குடிக்கிறது.

"என்னம்மா, செடி இங்க சாக்குலல்ல இருக்கு!" என்கிறார் கணவர்.

"தெரியுது," என்கிறாள். வாளியை மட்டும் நிமிர்த்தவில்லை.