தம்ளரில் மிதப்பது

கொச்சங்காடி மிளகுக் கிடங்கில் மத்தியான வெயில் ஓட்டு இடுக்கு வழியாகக் கோடு கோடாக இறங்குகிறது. சுவரில் எழுபத்தெட்டாம் வருஷத்துக் காலண்டர். மேஜைமேல் எரியும் மெழுகுவத்தி, அரக்கு, பித்தளை முத்திரை, ஆடை படிந்துபோன சாயா, நடுவில் தண்ணீர் நிறைந்த கண்ணாடித் தம்ளர். கப்பலேறும் மிளகைச் சோதித்துக் கம்பெனி முத்திரை வைக்கிற அனந்தநாராயணன், வேர்த்த கழுத்தைத் துண்டால் துடைத்தபடி தம்ளரையே பார்க்கிறார். மிளகு அடியில் கிடக்கிறது. அதில் கலந்திருந்த பப்பாளி விதைகள் மேலே மிதக்கின்றன. எதிரே நிற்கும் மானேஜர் குரியாக்கோஸ் சாயாக் கரண்டியை எடுத்து, பாலின் ஆடையை எடுப்பதுபோல் பதமாக, மிதந்ததையெல்லாம் வழித்துத் தரையில் உதறுகிறார். "இப்போ நோக்கூ சுவாமி, ஒண்ணும் இல்லல்லோ. முத்திரை வச்சு தரூ. முதலாளிக்கு கோபம் வந்தால் நம்ம ரெண்டாளுடெ ஜோலியும் போகும்." அவர் குரலில் அதட்டல் இல்லை, அலுப்புதான். வாசலில் வண்டி காத்திருக்கிறது. மூட்டை ஏற்றும் சுமட்டுக்காரர்கள் சக்கரத்தில் சாய்ந்து பீடி புகைக்கிறார்கள். முத்திரையை ஒரு குத்துக் குத்திவிட்டு, படகுத்துறையில் போட்டைப் பிடித்து, வீட்டுக்குப் போய்க் கண்ணை மூடினால் போதும் என்றிருக்கிறது அனந்தநாராயணனுக்கு. அரக்கு உருகி மேஜையில் சொட்டுகிறது. அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து, பக்கத்து மிளகுச் சாக்குக்குள் முழங்கைவரை கையை விட்டு, இன்னொரு பிடி அள்ளி அதே தம்ளரில் போடுகிறார்.

"இதையும் வழிச்சுடுங்கோ சார்," என்கிறார். "சாக்கு முழுக்க இருக்கு."