அத்திமரத்தடி

பெரு நாட்டின் லிமா நகரில் நெலிடா வீட்டுப் பூனை மிச்சா மூன்று நாளாக மீனைக்கூடத் தொடவில்லை.

"கூடவே வளர்ந்த பூனை தோமாஸ் செத்தது இதுக்குத் தெரியல. புதைச்ச இடத்தை மோந்து பாத்தா தேடுறதை விட்டுடும்னு டாக்டர் சொல்றாரு. எங்க புதைச்சீங்க, காட்டுங்க" என்றாள் நெலிடா.

"இப்பவே எதுக்கு..." என்று இழுத்தான் கணவன் ஹெர்மான்.

"அட, வாங்க!"

அத்திமரத்தடியில் கிளறிக் கிடந்த மண்ணைக் காட்டினான். மிச்சா மோந்து பார்த்தது. திரும்பி நேராக வாசலுக்குப் போய், கார் கதவைப் பிறாண்டிக் கத்தியது.

நெலிடா கணவனையே பார்த்தாள்.

"தோமாஸ் சாகல, இல்ல? கார்ல எங்க கொண்டுபோய் விட்டீங்க?"

"பூங்காவுல... அங்க நிறைய பூனைங்க இருக்கு... யாராவது சோறு போடுவாங்கன்னு..."

"கண்ணு தெரியாத கிழப்பூனை அது!"

ஹெர்மான் தலை நிமிராமல் சாவியை எடுத்தான். கதவைத் திறந்ததும் அவனுக்கு முன்னால் மிச்சா ஏறி உட்கார்ந்துகொண்டது.