பதினேழு படங்கள்

"இது என்ன?"

வக்கீல் தூக்கிப் பிடித்த படத்தைச் சாலம்மாள் உற்றுப் பார்த்தாள். பச்சை நிறம். மூக்கு மட்டும் சிவப்பு.

"பறக்குமுங்க," என்றாள். பெயர் வரவில்லை.

மல்லசமுத்திரத்தில் நாலு ஏக்கர் தோட்டமும் கிணறும் அவள் பெயரில் இருந்தன. சாகும் முன் புருஷன் சென்றாயன் எழுதி வைத்தது. அண்ணிக்குச் சித்தம் கலங்கிவிட்டது, தோட்டத்தை என் பொறுப்பில் விடுங்கள் என்று கொழுந்தன் தங்கசாமி கோர்ட்டில் மனுப் போட்டிருந்தான்.

அவளுக்கு வக்கீல் இல்லை. "நா இருக்கறப்ப உனக்கெதுக்கக்கா வக்கீலு?" என்று தம்பி மாதையன் சொல்லிவிட்டான். இப்போது கதவோரம் நின்றிருந்தான்.

அடுத்த படத்தில் நாலு கால், கொம்பு, தாடி. அதற்கடுத்தது மஞ்சளாக வளைந்திருந்தது. நேற்றுக்கூடத் தின்றாள். தித்திப்பு நினைவிருந்தது, பெயர் இல்லை.

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள்.

நீதிபதியின் மேசையில் மைக்கூடு இருந்தது. மணி இருந்தது. சுவரில் கடிகாரம், கதவில் பூட்டு. அத்தனைக்கும் பெயர் சட்டென்று அவள் நாக்கில் வந்தது.

"கலப்பையக் கேளுங்க சாமி. நொகத்தடி, அருவா, தண்ணி எறைக்கிற சாலு, எதுன்னாலும் கேளுங்க. பட்டுப் பட்டுன்னு சொல்றனுங்க."

"கேட்டதற்கு மட்டும் பதில் சொல்," என்றார் வக்கீல். கையிலிருந்த காகிதத்தைப் பார்த்து அடுத்த படத்தை எடுத்தார்.

பதினேழு படங்கள். உயிருள்ளவை, மரத்தில் காய்ப்பவை, மண்ணில் முளைப்பவை. மனிதன் கையால் செய்த பொருள் ஒன்றுகூட இல்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

தை மாதம் மூளைக்காய்ச்சலில் விழுந்து எழுந்தபோது அவள் பக்கத்தில் இருந்தவன் மாதையன் ஒருவன்தான். வெண்ணந்தூரில் பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு வந்து, கஞ்சி ஊட்டினான். தினமும் வீட்டில் இருப்பதை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து, "இதென்னக்கா, சொல்லு பாக்கலாம்?" என்று கேட்டான். முறம் என்றாள், உலக்கை என்றாள். கத்தரிக்காயைக் காட்டினால் விழித்தாள். கோழியைக் காட்டினால் அழுதாள். எது போயிற்று, எது தங்கிற்று என்று அவளுக்கே புரிய வைத்தவன் அவன்.

"இத ஒருத்தருகிட்டயும் சொல்லிராதக்கா," என்று கையைப் பிடித்துச் சொன்னான்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை.

காலையில் அவளைத் தனியாகப் பஸ் ஏற்றி விட்டு, அவன் தங்கசாமியின் வில்வண்டியில் வந்து இறங்கியதை அவள் பார்த்திருந்தாள். வழியில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தாள்.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். வயதானவர். அவருக்கு இந்தப் படங்களில் திருப்தியில்லை போலிருந்தது.

"பயப்படாதேம்மா. நான் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன், நிதானமாகச் சொல். கதவோரம் நிற்கிறாரே, அவர் உனக்கு என்ன வேண்டும்?"

மாதையன் அன்று முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினான்.

மனிதர்களின் பெயரில் ஒன்றுகூட அவளை விட்டுப் போயிருக்கவில்லை. சாலம்மாள் அவனை வெகுநேரம் பார்த்தாள்.

"யாருன்னு தெரியலீங்க சாமி," என்றாள்.