குப்பியில் வந்த நீலம்

"மாமா, கடலுக்க நீலம் இந்தக் குப்பிக்குள்ள எப்பிடி வந்துது?"

பக்கத்து வீட்டு ராஜையாவின் மகள் நீது கேட்டதும் ஜெயன் சிரித்துவிட்டான். ஆறு வயசுப் பிள்ளை. அவன் கையில் விரல் நீளக் கண்ணாடிக் குப்பி. மீன் தொட்டித் தண்ணீரில் இரண்டு சோதனை மருந்தை விட்டுக் குலுக்கியிருந்தான். தண்ணீர் நீலமாகியிருந்தது.

"இது கடலுக்க நீலம் இல்ல மக்கா. பாஸ்பேட்டாக்கும். தண்ணியில அது கூடக்கூட நீலமும் கூடும். பாசி பிடிக்கும். பவளம் சுருண்டு சாவும்."

"அப்போ நீலம் கெட்டதா?"

"குப்பிக்குள்ள கெட்டது."

அது தொண்ணூற்று நாலாம் வருஷக் கோடை. குன்னத்துகாலில் கடல்மீன் தொட்டி இருந்த ஒரே வீடு ஜெயனுடையது. குவைத்தில் ஓர் அரபி வீட்டில் பதினொரு வருஷம் தொட்டி பார்த்தவன். யுத்தம் வந்தபோது உடுத்த துணியோடு திரும்பினான். ஆறு மாதம் யாரிடமும் பேசவில்லை. பொழியூர் வலைக்காரர்கள் கொடுத்த பவளக் கொத்து, முன்னறைத் தொட்டியில் முதன்முதலாக விரிந்த அன்றுதான் மனைவி குமாரியிடம், "ஒரு சாயா போடு" என்று கேட்டான். குமாரி அடுக்களையில் நின்று அழுதாள்.

அந்தப் பவளம்தான் இப்போது சுருங்கிக்கொண்டிருந்தது.

ஜன்னலுக்கு வெளியே கிணற்றில் ராஜையா தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக் கிணறு வற்றி இரண்டு கோடை ஆகிவிட்டது. கேட்காமலே வேலியைப் பிரித்து வழி விட்டவன் ஜெயன்.

"எலே ஜெயா, இந்தத் தண்ணிக்கு நான் பதிலுக்கு என்ன செய்யப் போறேன்?"

"கெணறு தோண்டினது எங்க அப்பாவாக்கும். மேல போவும்போ அவருகிட்ட கேளுங்க அண்ணே."

ராஜையா சிரித்தார். ஜெயன் தொட்டிக்குள் ஒரு வாளி கிணற்றுத் தண்ணீரை மெல்ல விட்டான்.

"உப்புத் தண்ணியில நல்ல தண்ணிய விட்டா கெடாதா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டார் ராஜையா.

"வெயிலுக்கு ஆவியாட்டு போறது நல்ல தண்ணிதான். அதுக்குப் பதிலு இது. நம்ம கெணத்துத் தண்ணி தேனுல்லா."

ஜெயன் மீன்களுக்குத் தீனியைப் பாதியாக்கினான். மணலை மாற்றினான். பொழியூரிலிருந்து ஜீப்பில் கடல்தண்ணீர் கொண்டுவந்தான். சிப்பிச் சுண்ணாம்பைக் கரைத்து, தெளிந்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டான்.

"மீனுக்கு சுண்ணாம்பா? பாக்கும் வெத்தலையும் வேண்டாமா?" என்றார் ராஜையா.

எதுவும் பலிக்கவில்லை. குப்பி வாரா வாரம் அதே நீலம் காட்டியது.

"தொட்டியில கெடக்குற கல்லு அந்த நீலத்தக் குடிச்சு வச்சிருக்கு அண்ணே. கொஞ்சம் கொஞ்சமாட்டு கக்குது." ஜெயன் குரல் இறங்கியிருந்தது. "இது செத்தா நான் இனி தொட்டி வைக்க மாட்டேன்."

குமாரி நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். அந்த ஆறு மாதம் அவள் கண்ணில் வந்து போனது.

"என்னவோ பேரு சொன்னியே?" என்று கேட்டார் ராஜையா.

"பாஸ்பேட்டு."

"ம்." அவர் குடத்தை எடுத்துக்கொண்டு போனார். அன்று கிண்டல் எதுவும் பேசவில்லை.

மழைக்காலம் வந்தது. நீலம் வெளுக்கத் தொடங்கியது. ஓணத்துக்குப் பத்து நாள் இருக்கையில் குப்பித் தண்ணீர் நிறமில்லாமல் நின்றது. பவளம் பழையபடி விரிந்தது. ஜெயன் குப்பியோடு வேலிக்கு ஓடினான்.

"சுண்ணாம்பு வேலை செஞ்சுது அண்ணே."

"நான் அன்னைக்கே சொன்னேன். பாக்கும் போட்டிருந்தா ரெண்டு மாசம் முன்னாலயே தேறியிருக்கும்."

ஓணத்துக்கு ராஜையா வழக்கம்போல் தன் தோட்டத்து ஏத்தன் வாழைக்குலை ஒன்று கொண்டுவந்தார். மற்ற வருஷங்களில் அது நீதுவின் உயரம் இருக்கும். இந்த வருஷம் அதில் பாதி இல்லை. காய்கள் விரல் மாதிரி மெலிந்திருந்தன.

"அண்ணே, நான் மீனுக்குச் செஞ்ச மாதிரி வாழைக்கும் தீனியக் கொறச்சீங்களா?" என்று சீண்டினான் ஜெயன்.

"காத்து சரியில்ல" என்று ராஜையாவும் சிரித்தார்.

அவர் போனதும் குமாரி குலையைத் தூக்கிப் பார்த்தாள். "இந்த மழையில அவங்க கெணத்துல தண்ணி ஊறிட்டு. இனி நம்ம கெணறு வேண்டாம். அதாக்கும் கையும் சுருங்கிட்டு."

"சும்மா இரு" என்றான் ஜெயன். ஆனால் அவனுக்கும் மனசில் அது உறுத்தியது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ராஜையாவின் மனைவி சுகிர்தபாய் நீதுவைக் கூட்டிக்கொண்டு ஆலயத்துக்கு முன்னே நடந்துவிட்டாள். வாழை ஏன் இப்படிக் காய்த்தது என்று அவளும் கேட்டிருந்தாள். அவளிடமும் ராஜையா காற்றைத்தான் சொல்லியிருந்தார்.

வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் பின்பக்கக் கொட்டகைக்குப் போனார். ஜெயனின் கிணற்றுக்கு மழைநீர் ஊறி இறங்கும் மேட்டில் நிற்கும் முன்னூறு வாழைக்காக வருஷாவருஷம்போல் கோடையில் வாங்கிய நாலு சாக்கு உரம், தையல் பிரிக்காமல் அங்கே கிடந்தது. ஒவ்வொரு சாக்கின் மேலும் பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது: பாஸ்பேட்.

எழுத்து சுவரைப் பார்க்கும்படி நாலு சாக்கையும் ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு ராஜையா ஜெபிக்கப் போனார்.