காலிப் பக்கம்

காலையிலிருந்து அந்தப் பெண் ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். "காலிப் பக்கம்."

எத்தனை முறை கேட்டாலும் அதே குரல், அதே நிதானம். அவளுக்குக் கோபமும் வராது, அலுப்பும் வராது. அவள் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து பேசுகிறவள். அதில் உள்ளதை இளமதிக்கு வாசித்துச் சொல்வதுதான் அவள் வேலை.

இளமதிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனி ஒன்றில் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறாள். எம்.ஏ. முடித்து ஆறு வருடம் அலைந்து கிடைத்த நாற்காலி இது. இன்று மாலைக்குள் போய்விடும் போலிருந்தது.

மானேஜர் சுப்புராயன் காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். "ஹெட் ஆபீஸ்லேர்ந்து உன் பேருக்கு ஒரு லெட்டர் வந்திருக்குது. உனக்கு மெயில் பண்ணிட்டேன். இனிமே பக்கத்து சீட்டுல யாரும் படிச்சுக் காட்டக் கூடாது. நீயே படிச்சு அஞ்சு மணிக்குள்ள பதில் போடு. ஒரு வேலைக்கு ரெண்டு ஆளு வெச்சா எனக்குக் கட்டுப்படி ஆவாதும்மா. முடியலன்னா திங்கக்கிழமைலேர்ந்து பேக்கிங் செக்‌ஷன்."

பேக்கிங் என்றால் நாள் முழுக்க ஃப்யூஸ் கட்டைகளுக்கு வைக்கோல் சுற்றுவது. படித்த படிப்பெல்லாம் வைக்கோலுக்கு.

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் வளன் பத்து மணிக்கே வந்துவிட்டான். மேசையைப் பார்த்துத் திகைத்தான். "மானிட்டர் எங்கக்கா?"

"கண்ணு தெரியாதவளுக்கு எதுக்கு மானிட்டருன்னு, நான் வேலைல சேந்த வாரமே கழட்டி டெஸ்பாட்ச்சுக்குக் குடுத்துட்டாங்க."

டெஸ்பாட்ச்சில் போய்க் கேட்டான். சரக்கு ஏற்ற லாரி நிற்கிறது, இப்போது கழற்ற முடியாது என்றார்கள். வேறு வழியில்லாமல் அவனும் காதால்தான் வேலை பார்த்தான். குரல் மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினான். புதுக் குரல் போட்டான். புதுக் குரலும் அதையே சொன்னது. "காலிப் பக்கம்."

மூன்று மணிக்கு, இளமதி எப்போதோ தட்டச்சு செய்த கடிதம் ஒன்றைத் திறந்தான். மடமடவென்று வாசித்தது.

"அக்கா, கோளாறு இதுல இல்ல. நீங்க அடிச்சதெல்லாம் படிக்குது. உங்களுக்கு வர்றதத்தான் படிக்கல. அது எழுத்து இல்லக்கா, போட்டோ."

போட்டோவிலிருந்து எழுத்தை எடுக்கும் மென்பொருளையும் போட்டுப் பார்த்தான். அது தமிழுக்குக் கையை விரித்துவிட்டது. இருவரும் மானேஜர் அறைக்குப் போனார்கள்.

"சார், ஹெட் ஆபீஸ்லேர்ந்து வந்த மெயிலை அப்படியே அக்காவுக்குத் தள்ளி வுடுங்க. ஒரு நிமிஷத்துல படிச்சிடுவாங்க."

"அப்படியே எப்படிப்பா அனுப்புறது? ரவுண்டு சீல் இல்லாத லெட்டருக்கு என்ன மரியாதை இருக்குது? வந்ததும் பிரிண்ட் எடுப்பேன், சீல் வெப்பேன், ஸ்கேன் பண்ணி அனுப்புவேன். எட்டு வருஷமா இதான் நடக்குது. எனக்கே அதெல்லாம் படிச்சுப் பாக்க நேரம் கெடையாது."

"இன்னிக்கு ஒரு நாளு மட்டும் சார்..."

"நீ வந்த வேலையப் பாருப்பா."

வளன் எவ்வளவோ கெஞ்சினான். கடைசியில், "வரேன்க்கா" என்று முனகிவிட்டுக் கிளம்பினான்.

ஐந்து மணிக்கு மாற்றல் உத்தரவு அச்சாகி வந்தது. சுப்புராயன் கையெழுத்துப் போட்டு, சீலை ஓங்கிக் குத்தி நீட்டினார். வாங்கிய இளமதியின் விரலில் மை ஈரமாக ஒட்டியது. அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். ஊருக்குப் போகும் கருவேப்பிலங்குறிச்சி பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

வாசல்வரை போனவள் திரும்பினாள். "சார், நான்தான் பேக்கிங் போறேனே. அந்த லெட்டர்ல அப்படி என்னதான் சார் இருந்துச்சு? நீங்களாவது படிச்சுச் சொல்லுங்க."

பாவமாகத்தான் இருந்தது அவருக்கு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஹெட் ஆபீஸ் மெயிலைத் திறந்து முதன்முறையாகப் படித்தார்.

'இளமதி அவர்களுக்கு. தங்களுக்கு வரும் கடிதங்களைக் கணினி வாசிக்கும்படி எழுத்து வடிவிலேயே அனுப்ப மானேஜருக்கு ஏற்கெனவே உத்தரவிட்டுள்ளோம். ஸ்கேன் செய்து அனுப்பினால் உடனே தெரிவியுங்கள். அவர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.'

இரண்டு முறை படித்தார். அறையில் வேறு யாரும் இல்லை. இளமதி பதிலுக்காகக் காதைக் கொடுத்து நின்றிருந்தாள்.

சுப்புராயன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒண்ணுமில்லம்மா. காலிப் பக்கம்தான்."