வளைவில் ஒரு ஹாரன்

வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து, ஹாரனை நீளமாக ஒருமுறை அழுத்தினாள்.

பிச்சாவரத்துக் கால்வாயில் இந்த இடம்தான் மோசம். இரண்டு கரையையும் சுரபுன்னைக் காடு அடைத்துக்கொண்டு நிற்கும். எதிரே படகு வந்தால் மூக்கும் மூக்கும் முட்டும்போதுதான் தெரியும். அதனால் வளைவுக்கு வருகிறவர் நீளமாக ஒன்று அடிக்க வேண்டும். எதிரே ஆள் இருந்தால் அவரும் அப்படியே பதில் அடிக்க வேண்டும்.

எதிரே ஆள் உண்டு. ஒன்பது மணி சவாரியை முடித்துக்கொண்டு தேசிங்கு திரும்புகிற நேரம்.

தேசிங்கு அவள் புருஷன்.

லைசென்ஸ் கைக்கு வந்து இன்றுதான் முதல் சவாரி. படகில் எட்டுப் பேர். நேற்றுப் படகுத்துறையில் அத்தனை பேர் முன்னால் அவர் சொல்லிவிட்டுப் போனார்: "அவ ஹாரன் அடிச்சா நான் பதில் அடிக்கணுமா? பாக்கலாம்."

வீட்டில் "என்னாங்க" என்று மூன்று தரம் கூப்பிட்டால்தான் ஒரு "ம்" வரும். பத்தொன்பது வருஷமாக அப்படித்தான். இங்கே மூன்றாவது தரத்துக்குள் இரண்டு படகும் மோதிக்கொள்ளும்.

காத்திருந்தாள்.

தண்ணீர் படகை மெல்ல வளைவை நோக்கித் தள்ளியது.

பதில் வந்தது.

கூப்பிட்ட முதல் தரமே. நீளமாக, கரகரவென்று, அவர் குரல் மாதிரியே.

பிறகு குட்டையாக ஒன்று. வலப்பக்கம் ஒதுங்குகிறேன் என்று அர்த்தம்.

அவளும் குட்டையாக ஒன்று அடித்துவிட்டுத் தன் வலப்பக்கம் ஒதுங்கினாள். படகுகள் பக்கத்தில் பக்கத்தில் கடந்தன. அவர் நேராகப் பார்த்துக்கொண்டு போனார். மீசை மட்டும் சும்மா இருக்கவில்லை.

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எட்டுப் பேர் பார்க்கிறார்களே என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

வளைவு தாண்டினால் அகன்ற தண்ணீர். கண்ணுக்கெட்டிய வரை ஒரு படகும் இல்லை.

பின்னால், மரங்களுக்கு அப்பாலிருந்து நீளமாக ஒரு ஹாரன்.

அவர் போகிற வழியில் இனி வளைவே கிடையாது.

அவள் பாட்டுக்கு ஓட்டினாள்.

மறுபடியும் அதே ஹாரன்.

முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் திரும்பினார். "உங்களத்தான் கூப்பிடுறாங்க போலருக்கு."

"கேக்குதுங்க."

மூன்றாவதும் வந்தது.

அவள் குட்டையாக ஒன்று அழுத்தினாள்.